எந்த நபரும், எந்தக் கால்நடையும்

சென்னை, பெரம்பூர்
20 ஆகஸ்ட் 2023

அண்ணனுக்கு,

ஹேமா எழுதுகிறேன். ஒரு மாதமாக நீ என் போனை எடுக்கவில்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டாலும் என் குரலைக் கேட்டதும் கட் செய்துவிடுகிறாய். அண்ணியிடம் கேட்டால், "அவருகிட்ட நான் இன்னான்னு சொல்றது ஹேமா?" என்று அழுகிறார். அதனால்தான் கடிதம். காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது உனக்கு எழுதியது. அதற்குப் பிறகு இப்போதுதான்.

கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் நினைத்துப் பார். போன வருஷம் பங்குனியில் மான்குட்டைத் தண்ணீரைக் குடித்து உன் ஆடுகள் பதினொன்று ஒரே நாளில் செத்தன. எனக்குப் போன் செய்தவன் நீ. "லாரி லாரியா தோல் கழிவக் கொண்டாந்து காட்டுக்குள்ள கொட்டறானுங்க. நீ வக்கீலுக்குப் படிச்சு இன்னா பிரயோஜனம்?" என்று கத்தினாய். மறுநாளே வந்தேன். நீதான் என்னைக் காப்புக்காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாய். குட்டையில் இறங்கி, நுரையை ஒதுக்கிவிட்டு, பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்ததும் நீதான். கரையேறியதும் உன் கால் சிவந்து தடித்திருந்தது.

அந்தப் பாட்டிலில் தொடங்கியதுதான் இந்த வழக்கு. ஒரு சுற்றுச்சூழல் அமைப்பின் பேரில் என் சீனியர் போட்டார். நான் அவருக்கு ஜூனியராக வேலை செய்தேன். லாரி நிற்க வேண்டும் என்றுதான் நீயும் நானும் நினைத்தோம். போன மாதம் வந்த இடைக்கால உத்தரவு லாரியை நிறுத்தியது. கூடவே ஆட்களையும் ஆடுமாடுகளையும் நிறுத்திவிட்டது.

உத்தரவு வந்த அன்று சாயங்காலம் கால் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். ரூமுக்கு வந்த பிறகுதான் யாரிடம் கொடுப்பது என்று யோசித்தேன். உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. அதற்கப்புறமும் நீ எடுக்கவில்லை. ஏன் என்று உத்தரவை முழுதாகப் படித்தபோது புரிந்தது.

ஆடுகளை விற்றுவிட்டாய் என்று அண்ணி சொன்னார். எல்லாவற்றையுமா?

ஹேமா


ஏரிக்கொல்லை
3 செப்டம்பர் 2023

வக்கீல் ஹேமலதா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உத்தரவு கோர்ட்டிலிருந்து எப்படிப் புறப்படும் என்று உங்களுக்குத் தெரியும். எங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று நான் சொல்கிறேன்.

ஆடி பிறந்து நாலாம் நாள். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகிறேன். வழியில் பாரஸ்ட் கார்டு நிற்கிறார். பன்னிரண்டு வருஷப் பழக்கம். நம் வீட்டில் கூழ் குடித்தவர். பக்கத்தில் ரெண்டு பேர் குழி தோண்டி போர்டு நட்டுக்கொண்டிருந்தார்கள். "நவநீதா, திருப்பி ஓட்டிக்கினு போயிடு. கோர்ட்டு ஆர்டர். நான் இன்னா பண்ணட்டும்?" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் போர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஐம்பத்து நாலு ஆடு. வீட்டைச் சுற்றிக் கட்டிப்போட்டேன். தழை வெட்டிவந்து போடலாம் என்றால் தழையும் காட்டுக்குள்தான் இருக்கிறது. விடிந்ததும் எல்லாம் மலைப் பக்கம் திரும்பி நின்று கத்தும். கயிற்றை இழுத்து இழுத்துக் கழுத்தில் ரோமம் போய்விட்டது. ஒன்பது நாள் பார்த்தேன். பத்தாம் நாள் ஆம்பூர் ஆட்டு வியாபாரி இஷ்தியாக் அகமதுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் நல்ல மனுஷர். "அவசரப்படாத நவநீதா, கோர்ட்டு விஷயம், மாறினாலும் மாறும்" என்றார். "அதுவரிக்கும் இதுங்க வயித்துக்கு இன்னா பதில் சொல்றது பாய்?" என்று கேட்டேன். வண்டியில் ஏற மறுத்தவற்றை நானே தூக்கி ஏற்றினேன்.

உன் அண்ணி தேவகிக்கும் காடு போய்விட்டது. இப்போது சீத்தாப்பழக் காலம். மார்கழியானால் துடைப்பப்புல். இரண்டும் இல்லை. குடியாத்தத்தில் அவள் தங்கச்சி வீட்டில் தங்கி லுங்கித் தறிக்குப் போகிறாள். நான் தோல் பதனிடும் டேனரியில் சேர்ந்திருக்கிறேன். வீட்டில் ஒருத்தரும் இல்லை. ஆக்கினால் ஆக்குவேன், இல்லையென்றால் இல்லை.

பேப்பரில் உன் போட்டோ வந்தது. சீனியர் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். டீக்கடையில் அதை என்னிடமே நீட்டி, "உன் தங்கச்சிதானே?" என்று கேட்டார்கள்.

இனிமேல் எழுத வேண்டாம்.

கோ. நவநீதன்


சென்னை, பெரம்பூர்
10 செப்டம்பர் 2023

அண்ணா,

எழுத வேண்டாம் என்றாய். ஒரு தடவை மட்டும்.

நான் சிரித்தது உண்மை. அந்த நேரத்தில் லாரிகள் மட்டும்தான் என் மனதில் இருந்தன.

ஆடு மேய்ப்பவர்களுக்கும் பழம் பொறுக்குபவர்களுக்கும் விலக்குக் கேட்டு மனு போடலாமா என்று சீனியரிடம் கேட்டேன். "இப்போ வாயைத் திறந்தா கிடைச்சதும் போயிடும். கொஞ்ச நாள் பொறு" என்றார். இந்தத் தொழிலில் கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதனால் உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

எந்தெந்த மாதத்தில் எந்தப் பக்கம் மேய்ப்பாய், எத்தனை குடும்பம் காட்டுக்குப் போகிறது, இதையெல்லாம் எழுதி அனுப்பு. எப்போதாவது உதவும். பதில் போடாவிட்டாலும் சரி. சாப்பிடாமல் இருக்காதே.

ஹேமா


ஏரிக்கொல்லை
19 நவம்பர் 2023

ஹேமாவுக்கு,

இதை உன் கடிதத்துக்குப் பதில் என்று நினைக்காதே. உனக்கு ஒரு சேதி தெரியவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

செந்தில்குமார் என்று வேலூரிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். எங்கள் பத்துக் குடும்பத்தின் பேரில் உன் கேசில் சேர்ந்து, உத்தரவை மாற்றச்சொல்லிக் கேட்கப்போகிறாராம். பீஸ் வேண்டாம் என்கிறார். "ஏழைங்க வயித்துல அடிச்சிட்டாங்கப்பா" என்று அவர் சொன்னபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த நாலு மாதத்தில் கோட்டு போட்ட ஒருத்தர் வந்து அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

என் பெயர்தான் முதலில். உன் அண்ணன் என்பதால் என் கையெழுத்துக்கு மதிப்பு ஜாஸ்தி என்றார். அவர் எழுதிவைத்திருக்கும் பத்திரத்தின் ஜெராக்ஸ் இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாம் இங்கிலீஷ். என் பெயரும் ஊர்ப் பெயரும் மட்டும் படிக்கமுடிகிறது. அடுத்த திங்கட்கிழமை கையெழுத்துப் போடப்போகிறேன். உனக்கு எதிராகப் போடுகிறேன் என்று நீ முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டும். முதுகுக்குப் பின்னால் செய்யும் பழக்கம் எனக்கு இல்லை.

டேனரி வேலையைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டாய். வெள்ளாட்டுத் தோல் வரும். உப்புத் தட்டி, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு, எடுத்துச் சீவவேண்டும். தோலைப் பார்த்தாலே ஆடு எந்த வயசு, ஈன்றதா, முள்காட்டில் மேய்ந்ததா என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. பார்க்காமல் வேலை செய்யப் பழகிக்கொண்டிருக்கிறேன். கூட வேலை செய்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் தோல் உருட்டும் டிரம் ஓடும்போது ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குக் கேட்காது. வீட்டுக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. சில நாள் என் குரலையே நான் கேட்பதில்லை.

நவநீதன்


சென்னை, பெரம்பூர்
23 நவம்பர் 2023

அண்ணா,

உன் கடிதம் இன்று காலையில் வந்தது. கோர்ட்டுக்குப் போகவில்லை. உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன். திங்கட்கிழமைக்குள் உன் கைக்கு வரவேண்டும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எதிர்த்தரப்பில் வருகிறவரின் பிரமாணப் பத்திரத்தைப் பற்றி அவரிடமே நான் பேசக்கூடாது. அது என் தொழிலுக்குத் தப்பு. இந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டு நேராக சீனியரிடம் போய்ச் சொல்லிவிடுவேன். அவர் என்ன செய்வாரோ செய்யட்டும்.

ஒன்பதாம் பத்தியை யாரையாவது படித்துச் சொல்லச்சொல். இஷ்தியாக் பாயின் மகள் இங்கிலீஷ் டீச்சர் என்று நீதான் ஒரு தடவை சொன்னாய். அவர் படித்துச் சொன்னால் நம்புவாய். மற்ற பத்திகளிலெல்லாம் ஆடும் பழமும் புல்லும்தான் இருக்கிறது. ஒன்பதில், தார் ரோட்டிலிருந்து மான்குட்டை வரை போகிற பாதை ஊர்மக்கள் காலங்காலமாகப் பயன்படுத்தியது, அதை "எல்லா வகை வாகனங்களுக்கும்" திறந்துவிட வேண்டும் என்று இருக்கிறது. உன்னிடம் சைக்கிள்கூடக் கிடையாது. அந்த வாகனம் யாருடையது?

கழிவு கொட்டுகிறவர்கள் தங்கள் பேரில் கேட்டால் கோர்ட் ஒப்புக்கொள்ளாது. உன் பேரில் கேட்டால் ஒப்புக்கொள்ளலாம். அதற்குத்தான் பீஸ் இல்லாமல் வந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இதை நீ நம்பவேண்டும் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நாலு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். கோர்ட் நாம் கேட்டதைத் தாண்டி உத்தரவு போட்டுவிட்டது என்றுதானே நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்? நானும் அப்படித்தான் தொனிக்க எழுதினேன். இல்லை அண்ணா. "எந்த நபரும், எந்தக் கால்நடையும், எந்த வாகனமும்" என்று மனுவிலேயே இருக்கிறது. டைப் செய்தது நான். ஆடு மேய்ப்பவர்கள் நீங்கலாக என்று முதலில் போட்டிருந்தேன். "அந்த ஓட்டை வழியாத்தான் லாரி உள்ளே வரும்" என்று சொல்லி சீனியர் பேனாவால் அடித்தார். வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை. அது அவருடைய பெரிய கேஸ், எனக்கும் முதல் பெரிய கேஸ். அடித்த அடியைப் பார்த்துச் சுத்தமாக மறுபடி டைப் செய்தேன். அப்போது உன் ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அவர் சொன்னது சரியாகிவிட்டது என்பதை இன்று உன் ஜெராக்ஸில் பார்க்கிறேன். அவர் சொன்னது சரி என்பதால் நான் செய்தது சரியாகிவிடாது என்பதும் தெரிகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு இந்த ரூமில் உட்கார்ந்திருக்கிறேன்.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

ஹேமா


ஏரிக்கொல்லை
4 பிப்ரவரி 2024

ஹேமாவுக்கு,

இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உன் கடிதத்தை அடுப்பில் போடத்தான் எடுத்தேன். போடவில்லை.

அந்தத் திங்கட்கிழமை வேலூருக்குப் போனேன். அதற்கு முன்னால் பாயின் மகள் ஒன்பதாம் பத்தியை ரெண்டு தடவை படித்துச் சொன்னார். நீ சொன்னதுதான் இருந்தது. செந்தில்குமார் ஆபீசில் ஊர்க்காரர்கள் ஒன்பது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். "சார், ஒம்போதாவது மட்டும் எடுத்துடுங்க, நான் முதல் ஆளா போடறேன்" என்றேன். அவர் சிரித்தார். "அது இல்லன்னா இந்தக் கேஸே இல்லப்பா" என்றார். கோபமில்லாமல் சொன்னார். உள்ளதைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

வெளியே வந்து நம் ஆட்களிடம் சொன்னேன். "லாரி வந்தா வரட்டும்டா. ஆடு உள்ள போனா சரி" என்றார் சம்பத். "பதினோரு ஆடு செத்துச்சே, மறந்துட்டியா?" என்று கேட்டேன். "உனுக்குச் செத்துச்சு. எங்குளுதும் சேத்துப் போயிடுச்சே, உன் தங்கச்சியால" என்றார். ஒன்பது பேரும் போட்டார்கள். நான் மட்டும் தனியாக பஸ் ஏறினேன்.

அன்றிலிருந்து ஊரில் என்னோடு யாரும் பேசுவதில்லை. டீக்கடையில் டீ கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். உன்னால் என்று ஒரு கோபம், உனக்காக என்று ஒரு கோபம், ரெண்டுக்கும் நடுவில் நான் பேஜாராகிக் கிடக்கிறேன்.

அந்த வரியை நீதான் டைப் செய்தாய் என்று படித்ததும் எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல வரவில்லை. கோர்ட் மேலே கோபப்பட்டுக்கொண்டு இருக்கலாம், அதற்கு முகம் கிடையாது. உனக்கு முகம் இருக்கிறது. சின்ன வயசில் அதைக் கழுவிவிட்டவன் நான்.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டைக்குப் போனேன். தப்புத்தான், எழுதிக்கொள். போர்டைத் தாண்டி நடந்தேன். ஆடு இல்லாமல் அந்த வழியில் நான் நடந்ததே இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கழிவு கொட்டின இடம் இன்னும் கட்டாந்தரைதான். ஆனால் தண்ணீர் தெளிந்திருக்கிறது. கரையில் மான் குளம்பு பார்த்தேன், புதுசு. புல் இடுப்பளவு நிற்கிறது. வேல மரத்தில் கை எட்டும் உயரத்தில் எல்லாம் தழை. என் ஆடுகள் இருந்தால் அது இருக்காது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் இல்லாமல் காட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை. நல்லதுதான். ஆனால் அதைப் பார்த்தபோது தேவகி போன அன்றைக்குக்கூட வராத அழுகை வந்தது.

என் பேரில் ஒரு பத்திரம் நானே எழுதிக் கொடுக்கலாமா? தமிழில். லாரி வேண்டாம். நாங்கள் நடந்து போகவேண்டும். இவ்வளவுதான்.

நவநீதன்


சென்னை, பெரம்பூர்
11 பிப்ரவரி 2024

அண்ணா,

கொடுக்கலாம். நான் எழுதக்கூடாது, திருத்தக்கூடாது. வேலூரில் மெர்சி என்று என்னோடு படித்தவள் இருக்கிறாள். போய்ப் பார். நீ சொல்லுவதை அப்படியே எழுதி, உனக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துக் கேட்பாள்.

சீனியரிடம் அன்றே சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. கேஸ் கட்டை என் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து எனக்கு வாடகை வழக்குகள்தான் வருகின்றன. ஆபீசில் எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. உன் டீக்கடையைப் பற்றி நீ எழுதியதைப் படித்தபோது, நீ எங்கே உட்கார்ந்திருப்பாய் என்று எனக்குத் தெரிந்தது.

குட்டைக்கரையில் மான் குளம்பு என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் நாலு தடவை படித்தேன்.

ஹேமா


சென்னை, பெரம்பூர்
28 ஏப்ரல் 2024

அண்ணா,

மெர்சி போனில் சொல்லியிருப்பாள். இருந்தாலும் நான் பார்த்ததை எழுதுகிறேன். எனக்கு அந்தக் கேசில் வேலை இல்லை. கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டேன்.

செந்தில்குமார் தரப்பு நன்றாகப் பேசியது. பசி, பட்டினி, பிள்ளைகள் படிப்பு. எல்லாம் உண்மைதான். அப்புறம் மெர்சி எழுந்து உன் பத்திரத்தைப் படித்தாள். "நான் வக்கீலிடம் ஒன்பதாவதை எடுக்கச்சொன்னேன், அது இல்லாவிட்டால் கேஸ் இல்லை என்றார்" என்ற இடம் வந்ததும் நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யார் இந்த நவநீதன்?" என்று கேட்டார். மெர்சி, "ஆடு மேய்த்தவர்" என்றாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் அண்ணன் என்று பக்கத்தில் நின்றவரிடம்கூடச் சொல்லமுடியவில்லை.

அந்த மனு தள்ளுபடியாகிவிட்டது. லாரிக்குத் தடை நீடிக்கிறது. ஊர்மக்கள் நடந்துபோய்ப் பழம், புல், சுள்ளி எடுக்கலாம். மேய்ச்சலைப் பற்றி ஒரு குழு ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும், அதுவரை ஆடுமாடு உள்ளே போகக்கூடாது. எட்டு வாரம் என்று சொல்லியிருக்கிறார்கள். பதினாறு என்று வைத்துக்கொள், இருபது என்று வைத்துக்கொள்.

அண்ணியிடம் சொன்னேன். "நல்லதும்மா" என்றார். "ஆனா தறி பழகிப்போச்சு ஹேமா. காட்ட நம்பி மறுபடி வர்றதுக்குப் பயமா இருக்கு" என்றார். உன்னிடம் அவரே சொல்லியிருப்பார். சொல்லவில்லை என்றால் நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

ஜெயித்தோமா என்று மெர்சி என்னைக் கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

ஹேமா


ஏரிக்கொல்லை
16 ஜூன் 2024

பாப்பாவுக்கு,

நான் டேனரியை விட்டுவிட்டேன். காட்டுப்பாதை செக்போஸ்ட்டில் தற்காலிகக் காவல் வேலை. அந்தப் பழைய கார்டுதான் ரேஞ்சரிடம் சொல்லி வாங்கிக்கொடுத்தார். தடி, விசில், காக்கிச் சட்டை. சட்டை கொஞ்சம் பெரிசு. லாரி வந்தால் நிறுத்தவேண்டும், அவ்வளவுதானே என்று ஒப்புக்கொண்டேன். ஒரு மாதமாக ஒரு லாரியும் வரவில்லை.

தேவகி ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போவாள். குழம்பு வைத்துவிட்டு, துணி துவைத்துவிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விடுவாள். நிற்கச்சொல்லி நான் கேட்பதில்லை.

முந்தாநாள் காலையில் கோவிந்தசாமி மாமா வந்தார். உனக்கு ஞாபகம் இருக்கும், ஏரிக்கரைக் கடைசி வீடு. அவர் செந்தில்குமாரிடம் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருத்தர். எல்லாவற்றையும் விற்றுவிட்டு மூன்று ஆடு மட்டும் வைத்திருக்கிறார். மூன்றும் வயிறு ஒட்டிப்போய் இருந்தன. செக்போஸ்ட் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். ஆறரை மாதத்துக்கு அப்புறம் என்னிடம் வாய் திறந்து பேசினார்.

"இன்னாப்பா நவநீதா. நீயா இங்க?"

"ஆமா மாமா."

"மூணே மூணுதான். குட்டை வரிக்கும் போயிட்டு வந்துடறேன்."

பக்கத்தில் கார்டு இல்லை. ரோட்டில் யாரும் இல்லை. மூன்று ஆடு மேய்ந்தால் அந்தக் காட்டுக்கு என்ன ஆகிவிடும், எனக்குத் தெரியாதா? விட்டால் நாளைக்கு சம்பத்தின் ஆறு வரும். அதற்கடுத்த நாள் வேறு யாரோ பத்து ஓட்டி வருவார்கள், பின்னாலேயே வண்டி வரும். எல்லாம் ஒரே நிமிஷத்தில் மனசில் ஓடியது.

"முடியாது மாமா" என்றேன்.

அவர் திட்டுவார் என்று பார்த்தேன். காலில் விழுவாரோ என்றுகூடப் பயந்தேன். ஒன்றும் செய்யவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் புளியமர நிழலில் உட்கார்ந்தார். ஆடுகளும் படுத்துக்கொண்டன. நானும் இந்தப் பக்கம் கல்லில் உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. என் தண்ணீர் பாட்டிலைக் கம்பிக்கு மேலே நீட்டினேன். வாங்கி, கையைக் குவித்து முதலில் ஆடுகளுக்கு விட்டுவிட்டு மிச்சத்தை அவர் குடித்தார். பாட்டிலைத் திருப்பித் தந்தார். மத்தியானம் வரை அப்படியே இருந்தோம். அப்புறம் எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊர்ப் பக்கம் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் சொன்னது சரியா தப்பா என்று உன்னிடம் கேட்கவில்லை. அதற்கு உனக்கும் பதில் தெரியாது என்று எனக்குத் தெரியும். அவர் போன பிறகு யாரிடமாவது இதைச் சொல்லவேண்டும் போல இருந்தது. தேவகியிடம் சொன்னால் அழுவாள். ஊரில் சொல்ல ஆள் இல்லை. ரெண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். சொன்னால் புரியக்கூடிய ஆள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

அண்ணன்